மஸ்கட்டிலிருந்து ஒரு தலைக்கட்டு வரி

1

மாரியம்மன் புண்ணியத்தில் நான், மனைவி மலர்க்கொடி, ஒன்பதாவது படிக்கும் மகள் யாழினி மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். வெயில்தான் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஏசி மெக்கானிக் வெயிலைக் குறை சொன்னால் அம்மன் சிரிப்பாள். வெயிலால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மஸ்கட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஊருக்குப் பணம் அனுப்பாத மாதம் கிடையாது. ஆனாலும் பணம் அனுப்புவது எப்படி என்று போன மாதம்தான் கற்றுக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்த அண்ணனின் போன். இங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அப்போதுதான் குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்தேன்.

"கொளஞ்சி, காப்பு கட்ட இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. இந்த வருசம் வரி ஐயாயிரத்து ஒன்னு. தேருக்குப் புதுச் சக்கரம் போடுறாங்க."

"அனுப்பிடுறேன்ண்ணே."

"நீ அனுப்புவ. அது வந்து சேரணும்ல? தங்கராசு சித்தப்பா கண்டிப்பா சொல்லிட்டாரு. இந்த வருசமும் ஏதாவது கோளாறுன்னா உன்னை என் தலைக்கட்டோட சேத்து எழுதிடுவாராம். நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன்டா."

எனக்குச் சூடத்தைக் கொளுத்தக் கை வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு ஆணும் எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு ஒவ்வொன்றும் ஒரே அளவு வரி கொடுக்க வேண்டும். மச்சு வீட்டுக்காரருக்கும் கூரை வீட்டுக்காரருக்கும் ஒரே தொகைதான். காப்புக் கட்டிய பிறகு பத்துப் பைசாகூட வாங்க மாட்டார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வரி முழுசாக அந்த வீட்டுப் பணமாகவே இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக் காசு ஒரு ரூபாய் கலந்தாலும் அது வரி ஆகாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடித்துப் போய் அனுப்பினேன். இங்கே வெள்ளி, சனி விடுமுறை. அங்கே ஞாயிறு விடுமுறை. திங்கள் அங்கே ஏதோ அரசு விடுமுறை. செவ்வாய் காலையில் காப்புக் கட்டினார்கள். பணம் செவ்வாய் மதியம் போய்ச் சேர்ந்தது. போன வருடம் சீக்கிரமே அனுப்பினேன். ஆனால் வழியில் யாரோ பிடித்தம் செய்து நாற்பத்து மூன்று ரூபாய் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து அதை ஈடுகட்டிவிட்டு, கோயில் வரி நோட்டு எழுதுகிற சித்தப்பாவிடமும் வெகுளியாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா மொத்தத்தையும் அண்ணன் பெயரில் நன்கொடை என்று எழுதிவிட்டார்.

மூன்றாம் வருடமும் தவறினால் எனக்கு ஊரில் தலைக்கட்டு கிடையாது. பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கும். ஆனால் அம்மனின் நோட்டில் கொளஞ்சிநாதன் என்று ஒரு வீடு இருக்காது. இதை மலர்க்கொடியிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு, "இந்தத் தடவை நானே கூட வரேன். நீங்க தனியா அனுப்பின லட்சணத்தைப் பாத்தாச்சு" என்றாள்.

2

அன்று சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். லப்பைக்குடிக்காட்டுக்காரரான அவர் இங்கே ரூவி பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பெயர் ஜபருல்லா, எனக்கு ஒரு வயது இளையவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அவர் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் கடல் தாண்டிய பணத்தில்தான் உலை வைக்கிறார்கள். அதனால் பணம் அனுப்புகிற விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

"நீ எங்க மச்சான் அனுப்புற?"

"மார்க்கெட் முனையில இருக்குற எக்ஸ்சேஞ்சுலதான். பதினாறு வருசமா."

"ஏன் அங்க?"

யோசித்துப் பார்த்தேன். வருடப் பிறப்புக்குக் காலண்டர் கொடுப்பார்கள். போர்டில் 'கட்டணம் இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கும். கூட்டமாக இருந்தால் உட்கார நாற்காலி போடுவார்கள். இந்த மூன்றையும் சொன்னேன்.

பாய் பருப்பு மூட்டையைக் கட்டியபடியே சிரித்தார். "காலண்டருக்காகப் பதினாறு வருசமா காசு குடுத்துருக்கே. அந்தக் காலண்டர் தேதி ஒன்னொன்னும் ஒரு டீ விலை மச்சான்."

"கட்டணம் இல்லேன்னுதானே போட்டுருக்கான்?"

"கூலி வாங்க மாட்டான். ரேட்டைக் குறைச்சுடுவான். இன்னைக்கு ரியாலுக்கு நிஜமா என்ன விலைன்னு போன்ல பாரு. அவன் போர்டுல என்ன போட்டுருக்கான்னு பாரு. நடுவுல இருக்குறது அவன் கூலி. வலது கையால வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு இடது கையை நீட்டுறான். அவ்வளவுதான்."

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கிறது?"

"கூலி எவ்வளவுன்னும் கேக்காத, ரேட் என்னன்னும் கேக்காத. நான் இங்க இவ்வளவு குடுத்தா ஊர்ல கையில எவ்வளவு விழும்? இது ஒன்னை மட்டும் கேளு. நாலு கடையிலயும் இதையே கேளு."

கடையில் சிகரெட் வாங்க நின்றிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நடுவில் புகுந்தார். தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பதாகவும், ரேட் எல்லாரையும் விட அதிகம் என்றும், காகிதம் கையெழுத்து எதுவும் வேண்டாம், மறுநாளே வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் பாய் அவரிடம் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"கதவைத் தட்டலேன்னா யார் கதவை நாம தட்டுறது?" என்று என்னைப் பார்த்தார். "அது சட்டத்துக்கு விரோதம், அது ஒரு பக்கம். நீ அனுப்புறது சாமி காசு மச்சான். ரசீது இல்லாத காசை ஆண்டவன் முன்னால வைக்கலாமா?"

அவர் தொழப் போக நேரமாகிவிட்டது. நானும் கிளம்பினேன்.

3

மறுநாள் சனிக்கிழமை. மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். யாழினிக்கு வர விருப்பமில்லை. கூகுளில் பார்த்தால் போதும் என்றாள். மலர்க்கொடி விடவில்லை.

முதலில் என்னுடைய பழைய கவுண்டருக்குப் போனோம். அங்கே இருந்த பையன் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டான். "தம்பி, ஊருல அக்கவுண்ட்ல சரியா ஐயாயிரத்து ஒரு ரூபா விழணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் எத்தனை ரியால் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

அவன் கால்குலேட்டரில் தட்டினான், திரும்பவும் தட்டினான். "அண்ணா, நாங்க ரியால்தான் போடுவோம். அங்க எவ்வளவு வருதோ அது வரும். ரவுண்டா போட்டா ஐயாயிரத்துச் சொச்சம் வரும். அந்த ஒரு ரூபாய் எதுக்கு?"

"அந்த ஒரு ரூபாய்தான் வரி. மீதி அதுக்குத் துணைக்குப் போகுது" என்றாள் மலர்க்கொடி.

அடுத்த கடையில் இந்திய ரூபாயையே போட முடியும் என்றார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் ஊரில் பணம் வாங்குகிற பேங்க் ஏதாவது பிடித்தம் செய்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. யாழினிதான் அதைப் படித்துக் காட்டினாள். போன வருடம் போன நாற்பத்து மூன்று ரூபாய்க்கு அன்றுதான் காரணம் தெரிந்தது.

வெளியே வந்து பழரசக் கடையில் உட்கார்ந்தோம். யாழினி என் போனை வாங்கி ஒரு செயலியைத் திறந்தாள். அதன் பெயரை எழுதப் போவதில்லை, யாருக்கும் விளம்பரம் செய்வது என் வேலை இல்லை. இந்த நாட்டு மத்திய வங்கி அனுமதி கொடுத்தவர்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். பாய் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருந்தார். இருந்தது. அதில் இரண்டு கட்டம். மேலே நாம் கொடுப்பது, கீழே அவர்களுக்குப் போய்ச் சேர்வது. கட்டணம் தனியாக, ரேட் தனியாகக் காட்டியது. ஒளிவு மறைவு இல்லை.

"கீழ இருக்குற பாக்ஸ்லயே டைப் பண்ணலாம்ப்பா. ஃபைவ் தௌசண்ட் அண்ட் ஒன். அங்க எதுவும் கட் ஆகாதுன்னு போட்டிருக்காங்க. பாருங்க, மேல தானா மாறுது."

மேல் கட்டத்தில் ரியாலும் பைசாவுமாக எண் வந்து நின்றது. இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் பழைய கவுண்டரை விடக் குறைவுதான். பதினாறு வருடக் காலண்டர்களும் சுவரிலிருந்து ஒன்றாக விழுந்த மாதிரி இருந்தது.

"மாசச் செலவுப் பணத்தையும் இதோட சேத்து ஒரேயடியா அனுப்பிடலாம். கட்டணம் ஒருதடவைதான் போகும்" என்றாள் மலர்க்கொடி.

"அம்மன் பணத்தை அரிசிப் பணத்தோட கலக்கக் கூடாது."

"அப்ப ரெண்டு கட்டணமா? எக்ஸ்சேஞ்சுகாரனுக்குக் கூடுதலா அழுதாத்தான் அம்மனுக்குச் சந்தோசமா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் தனியாகவே அனுப்புவது என்று பிடிவாதமாக இருந்தேன். அவள் தன் பழரசத்தோடு என்னுடையதையும் குடித்துத் தீர்த்தாள்.

4

ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, விளக்கேற்றி, சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து போனை எடுத்தோம். அண்ணன் கணக்கு எண்ணைப் போட்டோம். கீழ்க் கட்டத்தில் ஐயாயிரத்து ஒன்று. எல்லாம் சரி. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. பணம் அனுப்பும் நோக்கம் என்ன?

அதில் ஒரு பட்டியல் இருந்தது. குடும்பச் செலவு, மருத்துவம், படிப்பு, சொந்தக் கணக்கில் சேமிப்பு, வீடு கட்ட, மற்றவை.

"ஃபேமிலின்னு போட்டுடலாம்ப்பா. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

"இது குடும்பச் செலவு இல்லையேம்மா."

"அதை யாரு செக் பண்ணப் போறாங்க?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன். யாழினியும் நான் பார்த்ததைப் பார்த்தாள். "ஓகே, ஓகே. மற்றவைன்னு போடறேன். என்னன்னு எழுதணும்?"

"உள்ளதை எழுது. மாரியம்மன் கோயில் வரி."

ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். திங்கள் காலையில் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டியது. செவ்வாயும் அதுவே. அன்று அண்ணனின் போன். "வரலையேடா." புதனும் அதுவே. காப்புக்கு ஆறு நாள்.

மலர்க்கொடி தோசைக் கரண்டியைக் கல்லில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். அந்தச் சத்தம்தான் எனக்குப் பயம்.

"நான் சொன்னேன்ல" என்று யாழினி சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டாள். "அப்பா, அங்க உங்க பேர் இல்லேன்னா என்ன ஆகும்? நாம இங்கதானே இருக்கோம். அது பெரியப்பா ஊரு மாதிரி ஆயிடும், அவ்ளோதானே?"

நான் வருத்தப்பட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். இரண்டு வயதில் இங்கே கொண்டுவந்தோம். நாலு முறை ஊருக்குப் போயிருக்கிறாள், நாலும் பள்ளி விடுமுறையில்தான், ஒரு தடவைகூடத் திருவிழாவில் இல்லை. அதற்குள் போன் அடித்தது.

5

அந்தச் செயலி நிறுவனத்திலிருந்து பேசினார்கள். மலையாளப் பெண் குரல்.

"மிஸ்டர் கொளஞ்சிநாதன் அல்லே? சேட்டா, ஞாயிறாழ்ச்ச ஒரு டிரான்ஸ்பர் செய்தில்லே. அதுல டெம்பிள்னு எழுதியிருக்கு. ஆனா அக்கவுண்ட் ஒரு ஆளோட பேர்ல. இது கோயிலுக்கா, ஆளுக்கா?"

"கோயிலுக்கும்மா. அண்ணன் அக்கவுண்டுக்குப் போய் அப்புறம் கோயிலுக்கு."

"மத ஸ்தாபனத்துக்குன்னா இந்த வழியில அனுப்பப் பற்றில்ல சேட்டா, முடியாது. அதுக்கு அவங்க ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், லெட்டர் எல்லாம் வேணும்."

"கொஞ்சம் இருங்கம்மா" என்று அவரை லைனிலேயே வைத்துவிட்டு, மலர்க்கொடி போனிலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். தங்கராசு சித்தப்பா அப்போது கடலை வயலில் இருந்தார்.

"சித்தப்பா, நம்ம கோயிலுக்கு சர்டிபிகேட் இருக்கா?"

"எதுக்கு?"

"இங்க கேக்குறாங்க."

"அம்மனுக்கா சர்டிபிகேட்டு?" வயலில் பக்கத்தில் இருந்தவர்களிடம் அதை அவர் சத்தமாகச் சொல்வதும், அவர்கள் சிரிப்பதும் கேட்டது. "ஏண்டா கொளஞ்சி, ஆதார் வேணுமான்னும் கேட்டுக்க. போட்டோ புடிக்கிறது சுலபம், ஆத்தா கண்ணை மூட மாட்டா."

இந்தப் போனில் அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். "சேட்டா, கோபிக்கக் கூடாது. இது உங்க பணம்தானே? உங்க ஊர்ல உங்க பேர்லயே அக்கவுண்ட் இல்லையா?"

இருந்தது. ஒன்றரை வருடம் முன்பு ஊருக்குப் போனபோது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கு என்று பெரம்பலூர் பேங்கில் வற்புறுத்தித் தொடங்கி வைத்தார்கள். ஆயிரம் போட்டேன். அதற்குப் பிறகு தொடவே இல்லை. எல்லாப் பணமும் அண்ணன் கணக்குக்குத்தான் போகும், அதுதான் பழக்கம்.

"அப்போ அதுக்கு அனுப்புங்க. நோக்கம், சொந்தக் கணக்கில் சேமிப்பு. அது சத்யம்தானே? அதுக்கப்புறம் உங்க அக்கவுண்டிலேர்ந்து நீங்க என்ன செஞ்சாலும் அது உங்க நாட்டுக் காரியம்."

இத்தனை வருடமாக நான் செய்து வந்த தப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த வீட்டுக் காசு கலக்கக் கூடாது என்று நாற்பத்து மூன்று ரூபாய்க்கு அழுத நான், வரிப் பணம் முழுவதையும் வருடா வருடம் அண்ணன் பணத்துக்குள் கொட்டித்தான் எடுத்திருக்கிறேன். அவர் கணக்கில் அவருடைய பால் பணம், மக்காச்சோளப் பணம் எல்லாம் இருக்கும். அதில் எது என் பணம்?

பழைய அனுப்புதலை ரத்து செய்தார்கள். கட்டணத்தோடு சேர்த்து அத்தனையும் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தது. நம்பிக்கையான இடம் எது என்று இங்குள்ள ஊர்க்கார அண்ணன் தம்பிகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: கேள்வி கேட்டு நிறுத்தினால் கோபப்படாதீர்கள். நிறுத்தியவர் காரணம் சொல்கிறாரா, பணம் குறையாமல் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறவரிடம்தான் பயப்பட வேண்டும்.

6

வியாழக்கிழமை காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பே அனுப்பினோம். அன்று அனுப்பாவிட்டால் வெள்ளி, சனியில் மாட்டிக்கொள்ளும், அந்தப் பாடத்தை இரண்டு வருடம் முன்பே படித்துவிட்டேன். பதினோரு மணிக்கு ஒரு வில்லாவின் மொட்டை மாடியில் கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: பணம் கணக்கில் சேர்ந்தது. ஐயாயிரத்து ஒன்று. பைசா சுத்தம். அங்கேயே கிழக்கு எது என்று பார்த்துக் கும்பிட்டேன். வீட்டுக்கார அரபி, ஏசி சரியானதற்கு நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

மலர்க்கொடிக்குப் போன் செய்தேன்.

"அப்ப சித்தப்பா வரிப் பணத்துக்குன்னே தனியா வச்சிருக்குற கணக்குக்கு மாத்தி விட்டுடுங்க."

"நாளைக்குத்தான்."

"ஏன்?"

"சேமிப்புன்னு எழுதியிருக்கோம்ல. ஒரு ராத்திரியாவது கணக்குல இருந்தாத்தானே சேமிப்பு?"

"உங்களைப் பெத்தவங்க மட்டும் இப்ப இருந்திருந்தா அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாற்ற உட்கார்ந்தால் வேறு வம்பு. ரகசிய எண் என் ஊர் நம்பருக்கு வருமாம். அந்த சிம் எங்கே? வீட்டைக் கலைத்துத் தேடினோம். குங்குமச் சிமிழுக்கு அடியில், யாழினியின் முதல் கொலுசோடு கிடந்தது. அதைப் பழைய போனில் போட்டால் போன மாதத்தோடு ரீசார்ஜ் முடிந்திருந்தது. பாய் தன் தம்பியிடம் சொல்லி ஊரிலிருந்து ரீசார்ஜ் செய்ய வைத்தார். அதற்குப் பிறகும் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. யாழினி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சு! வந்துச்சு! சொல்றேன் எழுதிக்குங்க, ரெண்டு நிமிசம்தான் டைம்!" என்று கத்தினாள். ஆறு எண்களையும் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியத்துக்காக இப்படிக் கத்தி எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பணம் சித்தப்பா கணக்குக்குப் போனது.

"சித்தப்பா, வந்துச்சா?"

"போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. சத்தத்தை எப்படிடா தட்டுல வைக்கிறது? பேங்க்ல பாஸ்புக் பதிஞ்சு, காசைக் கையில எடுத்தாத்தான் கணக்கு."

"இன்னைக்கே போயிடுங்க சித்தப்பா."

"இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல எங்க போறது? நாளைக்குப் போறேன்."

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. பேங்க் கிடையாது. அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கள் ஒரு நாள்தான் மீதி. நான் வேலைக்கு நடுவில் எத்தனை தடவை அம்மனைக் கூப்பிட்டேன் என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

திங்கள் மதியம் சித்தப்பாவே வீடியோவில் வந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வாசலில், கையில் பையோடு.

"எடுத்துட்டேன். காசு குடுக்குற அம்மா என்னைத் திட்டிருச்சு. ஐயாயிரம் குடுத்துட்டு, அந்த ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்ல, அப்புறம் வாங்க பெரியவரேன்னு சொல்லிச்சு. நான் நகரலியே. மேனேஜர் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு."

"மேனேஜர் காசா? அடுத்தவர் காசு கலந்துடுச்சே!"

"நான் என்ன கூமுட்டையா? பாஸ்புக்குல ஐயாயிரத்து ஒன்னு கழிஞ்சுருச்சாடா? கழிஞ்சுருச்சு. அப்ப அந்த ஒரு ரூபாய் உன்னுது. மேனேஜருக்குப் பேங்க் கடன். அதை அவங்க பாத்துக்கட்டும்."

7

செவ்வாய்க்கிழமை காலையில் ஊரில் ஏழு மணி, இங்கே ஐந்தரை. கோயில் வாசலிலிருந்து அண்ணன் வீடியோவில் காட்டினார். வேப்பிலைத் தோரணம், பம்பை, புதுச் சக்கரம் மாட்டிய தேர். சித்தப்பா நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் வாசித்து, தட்டில் பணம் வைத்தார். முதலில் அண்ணன் பெயர். அடுத்து, "கொளஞ்சிநாதன், தனித் தலைக்கட்டு, ஐயாயிரத்து ஒன்னு, முழுசு" என்றார். அந்த 'முழுசு' என்ற சொல்லை வேறு யாருக்கும் அவர் சொல்லவில்லை. மலர்க்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, தூசி என்றாள்.

காப்புக் கட்டி முடிந்ததும் சித்தப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"கொளஞ்சி, தலைக்கட்டு எழுதியாச்சு. வேலையும் எழுதிட்டேன். அடுத்த வருசம் காப்புக்கு அம்மனுக்கு ஊத்துற முதல் தண்ணி உன் வூட்டு முறை."

"சித்தப்பா, அண்ணன் வூட்டுலேர்ந்து யாராவது..."

"அதெப்படி? தனித் தலைக்கட்டு வேணும்னு பதினோரு நாளா என் உசிரை வாங்கினது நீதானே? உன் வூட்டுக் கன்னிப்பொண்ணுதான் குடம் தூக்கணும். ஊர்க் கெணத்துலேர்ந்து கோயில் வரைக்கும். நடுவுல எறக்கக் கூடாது, தண்ணி சிந்தக் கூடாது. இடுப்புலதான். எங்க அவ?"

தூக்கக் கலக்கத்தில் பின்னால் நின்றிருந்த யாழினி எட்டிப் பார்த்தாள். "நானா தாத்தா? எனக்கா?"

"வேற யாரு? உன் வூட்டுல வேற பொண்ணு இருக்கா?"

"எனக்கு ஸ்கூல் இருக்குமே."

"அம்மனுக்கும் வருசத்துல ஒரு வாரம்தான் திருவிழா. தூக்குவியா, மாட்டியா? மாட்டேன்னா இப்பவே சொல்லு, எழுதினதை அடிக்கணும்."

யாழினிக்குப் பதிலாக நான் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் போனில் தெரிந்த கூட்டத்தைப் பார்த்தாள், தேரைப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் தாத்தா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தெரு."

"அடிக்காதீங்க. இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஆறாவது மாடிக் கதவைத் திறந்தேன். ஹாலெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டில் குடம் ஏது? சமையலறைப் பிளாஸ்டிக் வாளியை வழிய வழிய நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, சோபாவிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து சோபாவுக்கும் யாழினி நடந்துகொண்டிருந்தாள். மலர்க்கொடி துடைப்பத்தோடு பின்னாலேயே போய், "இடுப்பை ஒடிடி! தோளை ஏன் தூக்குற? வாளி விழுந்துரும்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பேசாதீங்க, சிந்துது!"

நான் வாசலிலேயே செருப்போடு நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி, உதட்டைக் கடித்தபடி, வாளியை இறக்காமல் இரண்டாவது சுற்று நடந்தாள்.